ஹாங்காங் பாணி சோயா சாஸ் நூடுல்ஸ்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சீன நூடுல்ஸ் என்ற பெயரில் எத்தனையோ வகை உண்டு. இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் காலைப் பலகாரமாகச் சாப்பிடும் சோயா சாஸ் நூடுல்ஸ். காண்டனீஸ் மொழியில் ‘சீ யாவ் வோங் சாவ் மின்’. மெல்லிய முட்டை நூடுல்ஸ், முளைப்பயறு (நீளமான வெள்ளைத் தண்டு விட்ட பாசிப்பயறு), வெங்காயத்தாள், சோயா சாஸ், முக்கியமாக அவ்வளவுதான் பொருள்கள். கறியையும் காயையும் அள்ளிப் போட்டு ஒப்பேற்ற இதில் வழியே இல்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இது கைக்கு வந்துவிட்டால் மற்ற வதக்கு நூடுல்ஸ் வகைகள் எல்லாம் தானாக வரும். அங்கே இதைத் தனியாகவும் சாப்பிடுவார்கள், சுடச்சுட அரிசிக் கஞ்சியோடும் சாப்பிடுவார்கள்.

சௌமீன் என்பது இதுதானா? லோமீன் வேறா?

ஆம், இதுவும் ஒரு சௌமீன்தான். வேகவைத்த நூடுல்ஸைக் காய்ந்த சட்டியில் எண்ணெய் விட்டுப் புரட்டி எடுப்பது எல்லாமே சௌமீன். லோமீனில் நூடுல்ஸ் சட்டியில் வறுபடாது. ஹாங்காங்கில் லோமீன் கேட்டால், வேகவைத்து வடித்த நூடுல்ஸைத் தட்டில் போட்டு, மேலே இறைச்சியோ வொன்டன் என்ற பூரணம் வைத்த சிறு கொழுக்கட்டையோ வைத்து, சூப்பைத் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் சாஸ் நிறைய விட்ட குழைவான நூடுல்ஸ் வரும். ஊருக்கு ஊர் மாறும் பெயர்களை வைத்துச் சமையல் குறிப்பைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். நூடுல்ஸ் சட்டியில் வறுபடுகிறதா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

கடையில் எந்த நூடுல்ஸ் வாங்குவது?

மெல்லிய முட்டை நூடுல்ஸ் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. காண்டனீஸ் நூடுல்ஸ் மாவில் முட்டையோடு காரநீரும் சேர்ப்பார்கள். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் கரைத்த நீர் அது. நூடுல்ஸின் மஞ்சள் நிறத்துக்கு முட்டையைப் போலவே இதுவும் காரணம். கோதுமை மாவில் இருக்கும் நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும். நிறத்தைவிட முக்கியம், பல்லில் படும்போது உணரும் அந்த விறைப்பு. காரம் சேர்ந்த மாவு வெந்தாலும் லேசில் குழையாது. சட்டியில் புரட்டும்போது இழை இழையாக நிற்பது அதனால்தான்.

‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று நம்மூர்க் கடைகளில் விற்கும் மைதா நூடுல்ஸிலும் செய்யலாம், நன்றாகவே வரும். ஆனால் அது சீக்கிரம் குழைந்துவிடும், ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். உடனடி நூடுல்ஸ் வேண்டாம் என்பேன். அது ஏற்கெனவே எண்ணெயில் பொரித்துக் காயவைத்தது, தண்ணீரை வேகமாக உறிஞ்சி ஊதிவிடும்.

எதுவுமே கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வழி: மெல்லிய ஸ்பகெட்டியை, 2 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா சேர்த்து வேகவையுங்கள். சோடாவின் காரம் ஸ்பகெட்டியை நூடுல்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். தண்ணீர் நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரம் வையுங்கள். வடித்ததும் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சோடா வாடை நிற்கும்.

இரண்டு பேருக்கு அளவு என்ன?

காய்ந்த முட்டை நூடுல்ஸ் 150 கிராம். ஈர நூடுல்ஸ் என்றால் 250 கிராம். முளைப்பயறு 100 கிராம், வெங்காயத்தாள் 5, பாதி வெங்காயம் நீளவாக்கில் மெலிதாக நறுக்கியது. எண்ணெய் இரண்டரை மேசைக்கரண்டி.

சாஸுக்கு: லைட் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, டார்க் சோயா சாஸ் ஒன்றரை தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை, தண்ணீர் இரண்டு தேக்கரண்டி. சர்க்கரை கரையும்வரை கலக்கி அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விட வறுத்த எள் எண்ணெய் அரைத் தேக்கரண்டி. உப்பு தனியாக வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி லைட் சோயா சாஸிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதுக்கும் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான்.

எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்? வடித்த உடனே வதக்கலாமா?

பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்து வடியுங்கள். ஓர் இழையை எடுத்துக் கடித்தால் நடுவில் மெல்லிய எதிர்ப்பு இருக்க வேண்டும். மாவு வாடை மட்டும் இருக்கக் கூடாது. ஈர நூடுல்ஸ் என்றால் கொதிக்கும் நீரில் 30 நொடி முதல் ஒரு நிமிடமே போதும். வடித்ததும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வேக்காடு அங்கேயே நிற்கும், மேலே படிந்த மாவுப்பசையும் போய்விடும்.

இதற்குப் பிறகு வரும் வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நூடுல்ஸைக் காயவைக்க வேண்டும். வடிதட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் மேல்தண்ணீர்தான் போகும், இழைகளுக்கு நடுவே நீர் தங்கியிருக்கும். ஒரு சுத்தமான பருத்தித் துணியையோ அகலமான தட்டையோ விரித்து, நூடுல்ஸை உதறி உதறிப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். தொட்டால் கையில் ஈரம் ஒட்டாமல், இழைகள் கொஞ்சம் இறுகி, லேசாக ரப்பர் போலத் தோன்றும் நிலைதான் பதம். அப்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வையுங்கள். முந்தின இரவே வேகவைத்து, எண்ணெய் பிசிறி, குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வைத்தால் இன்னும் நல்லது.

இந்தக் காயவைத்தல் ஏன் இத்தனை முக்கியம் என்று கணக்குப் போட்டே காட்டலாம். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 3 கிலோவாட் வெப்பம் தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி சட்டிக்குள் போனால் 1.5 கிலோவாட். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். ஆக நொடிக்கு முக்கால் கிராம் தண்ணீரைக்கூட இந்த அடுப்பால் ஆவியாக்க முடியாது. சரியாக வடியாத நூடுல்ஸில் 100 மில்லி தண்ணீர் ஒட்டியிருந்தால் அதை விரட்டவே இரண்டரை நிமிடம் போய்விடும். அந்த இரண்டரை நிமிடமும் சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நூடுல்ஸ் வறுபடுவதற்குப் பதில் இன்னொரு முறை வேகும். வெளியே கொழகொழப்பு, உள்ளே சொதசொதப்பு. அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, ஈரத்தைக் குறைத்தால் அதே அடுப்பு போதும்.

கடையில் வரும் அந்தப் புகை மணம் வீட்டில் வரவே மாட்டேன் என்கிறதே?

காண்டனீஸில் அதை ‘வோக் ஹேய்’ என்பார்கள். சட்டியிலிருந்து எழும் அந்தக் கருகலுக்குச் சற்று முந்தைய மணம். பல காரியங்கள் ஒன்றாக நடக்கும்போது அது வருகிறது. மிகச் சூடான இரும்பில் சோயா சாஸும் மாவும் பட்டுச் சிவக்கின்றன. தூக்கிப் போடும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீயில் பற்றி எரிந்து அந்த மணம் உணவில் இறங்குகிறது. நீராவி உடனுக்குடன் மேலே பறந்துவிடுகிறது. ஹாங்காங் உணவகத்து அடுப்பு வீட்டு அடுப்பைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகமான வெப்பம் தரக்கூடியது. அதை வீட்டில் அப்படியே கொண்டுவர முடியாது என்பதை ஒத்துக்கொண்டு, முடிந்தவரை நெருங்குவோம்.

முதலாவது, ஒரு தடவைக்கு இரண்டு பேர் அளவுக்கு மேல் போடாதீர்கள். இரண்டாவது, வெறும் சட்டியை நன்றாகப் புகைய விடுங்கள், அதற்குப் பிறகே எண்ணெய். மூன்றாவது, நூடுல்ஸைப் போட்டதும் கிளறாதீர்கள். பரப்பிவிட்டு 40 நொடி அப்படியே விடுங்கள். முதலில் ‘ஸ்ஸ்’ என்று ஈரச் சத்தம் வரும், பிறகு அது அடங்கி மெல்லிய ‘படபட’ சத்தமாக மாறும். அடிப்பக்க இழைகள் பொன்னிறமாகி அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். அப்போது புரட்டினால் போதும். நான்காவது, சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தைச் சுற்றி விடுங்கள். சூடான இரும்பில் பட்டதும் அது பொங்கிச் சுண்டும். அந்த ஒரு நொடியில் கிளம்பும் வாசனைக்காகத்தான் இத்தனை பாடும்.

சமையல்காரர்கள் போலத் தூக்கித் தூக்கிப் போட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் சீன உணவகச் சமையல்காரர்கள் சோறு வறுப்பதைப் படமெடுத்து ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை அவர்கள் சட்டியை ஆட்டுகிறார்கள். அவ்வளவு கடும் சூட்டில் கருகாமல் இருக்க அந்த வேகம் தேவை. நம் அடுப்பில் அந்தச் சூடே இல்லை. சட்டியைத் தூக்கினால் உள்ள சூடும் போய்விடும். அடுப்பின் மேலேயே வைத்துப் புரட்டுங்கள்.

எந்தச் சட்டி நல்லது? நான்-ஸ்டிக்கில் செய்யலாமா?

கார்பன் ஸ்டீல் வோக் இருந்தால் நன்று. இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் கனமான இருப்புச்சட்டியே போதும். அது சூடேற நேரம் எடுக்கும். ஏறிய சூட்டை விடாமல் வைத்திருக்கும். சின்ன அடுப்புக்கு அது நல்ல குணம்தான். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அடி தட்டையான சட்டி வாங்குங்கள்.

புதுக் கார்பன் ஸ்டீல் சட்டியின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, இரும்பு நீலம் பாயும்வரை காயவைத்து, மெலிதாக எண்ணெய் தடவித் துடைத்து மறுபடி காயவைக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான்.

நான்-ஸ்டிக் வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் புகையவிடும் இந்த முறைக்கு அது ஒத்துவராது.

எந்த எண்ணெய்?

கடலை எண்ணெய். குவாங்டாங்கிலும் வழிவழியாக அதுதான். ஆனால் சுத்திகரித்ததாக இருக்கட்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகைந்து கசந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயும் பழுதில்லை.

எள் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விடலாமா?

வேண்டாம். சீனச் சமையலில் விடுவது எள்ளைக் கருஞ்சிவப்பாக வறுத்து ஆட்டிய எண்ணெய். பழுப்பு நிறம், தூக்கலான மணம். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவது, அதன் மணமே வேறு. வறுத்த எள் எண்ணெய் கிடைக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளைச் சிவக்க வறுத்து மேலே தூவுங்கள். வறுத்த எள் எண்ணெய் கிடைத்தாலும் அதில் வதக்காதீர்கள். அடுப்பை அணைத்த பிறகு விட்டால்தான் மணம் நிற்கும்.

லைட், டார்க் என இரண்டு சோயா சாஸும் கட்டாயமா?

கட்டாயம். இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. லைட் சோயா சாஸ் உப்பும் ருசியும் தரும். டார்க் சோயா சாஸ் கூடுதல் நாள் வைத்திருந்தது, பெரும்பாலும் வெல்லப்பாகோ கேரமலோ சேர்ந்திருக்கும். உப்பு நாக்கில் அவ்வளவாகத் தெரியாது. நிறத்துக்கும் பளபளப்புக்கும் அது. லைட்டை மட்டும் ஊற்றி நிறம் கொண்டுவரப் பார்த்தால் வாயில் வைக்க முடியாத அளவு கரிக்கும். டார்க்கை மட்டும் ஊற்றினால் கறுப்பாக, ஏதோ குறைவது போல இருக்கும்.

வாங்கும்போது பாட்டில் பின்புறம் பாருங்கள். சோயாபீன்ஸ், கோதுமை, உப்பு, தண்ணீர் எல்லாம் புளிக்கவைத்து மாதக்கணக்கில் காத்திருந்து எடுப்பதுதான் உண்மையான சோயா சாஸ். நீராற்பகுத்த தாவரப் புரதம் (ஆங்கிலத்தில் hydrolysed vegetable protein) என்று முதலில் எழுதியிருந்தால் அது அமிலத்தில் சில நாளில் தயாரித்தது. இத்தனை குறைவான பொருள்கள் போடும் சமையலில் சோயா சாஸ்தான் எல்லாம். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஓய்ஸ்டர் சாஸ், வினிகர், மிளகாய் சாஸ், தக்காளி சாஸ் எல்லாம் எப்போது சேர்ப்பது?

இந்த நூடுல்ஸில் எதையும் சேர்ப்பதில்லை. ஓய்ஸ்டர் சாஸ் மட்டும் அரை மேசைக்கரண்டி சேர்த்து, அதற்கேற்ப லைட் சோயாவைக் குறைப்பவர்கள் உண்டு. அதுவும் குவாங்டாங் மண்ணின் சரக்குதான். லீ கும் ஷெங் என்பவர் 1888இல் அங்கே சிப்பியை நீண்ட நேரம் சுண்டவைத்து அதை விற்கத் தொடங்கினார்.

வினிகரும் பச்சை மிளகாய் சாஸும் கொத்திய பூண்டும் சேர்ந்த நூடுல்ஸ் இந்தியச் சீனச் சமையல். ஹக்கா சீனர்கள் குடியேறித் தோல் பதனிட்டு வாழ்ந்த கிழக்குக் கொல்கத்தாவின் டாங்க்ரா பகுதியில் அது பேர் பெற்றது, பிறகு நாடெங்கும் தள்ளுவண்டிகளில் பரவியது. அதற்கென்று ஒரு ருசி உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த சாஸ்களை இதில் ஊற்றினால் சோயாவின் மணம் முழுக்க அமுங்கிப்போகும்.

சரி, செய்முறையைத் தொடர்ச்சியாகச் சொல்லுங்கள்.

நூடுல்ஸ் காய்ந்து எண்ணெய் பிசிறித் தயாராக இருக்கட்டும். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் பச்சைப் பகுதியையும் பிரித்து இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். முளைப்பயறைக் கழுவித் துணியில் ஒற்றிக் காயவையுங்கள், அதிலும் ஈரம் ஆகாது. எல்லாம் அடுப்புப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தீ ஏற்றிய பிறகு எதையும் தேட நேரமிருக்காது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

சட்டியை முழுத்தீயில் வைத்துப் புகைய விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சட்டி முழுக்கச் சுழற்றுங்கள். முளைப்பயறை மட்டும் போட்டு 20 நொடி புரட்டி ஒரு தட்டில் எடுத்துவிடுங்கள். பச்சை வாடை போனால் போதும், துவளக் கூடாது.

சட்டியை மறுபடி காயவிட்டு மீதி எண்ணெயை ஊற்றுங்கள். வெங்காயமும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் போட்டு 20 நொடி. மணம் வந்ததும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நூடுல்ஸைப் பரப்புங்கள். 40 நொடி தொடாதீர்கள். பிறகு ஒரு கையில் சட்டுவம், இன்னொரு கையில் நீளமான சாப்ஸ்டிக். சட்டுவத்தால் அடியிலிருந்து புரட்டிப் போட்டு, சாப்ஸ்டிக்கால் இழைகளைத் தூக்கி உதறிப் பிரியுங்கள். சாப்ஸ்டிக் பழக்கமில்லாதவர்கள் இடுக்கி வைத்துக்கொள்ளலாம். கரண்டியால் குத்திக் கிளறினால் இழை உடைந்து தூளாகிவிடும்.

மறுபக்கமும் 40 நொடி விடுங்கள். இப்போது சாஸைப் பாதி ஓரமாக ஊற்றி வேகமாகப் புரட்டுங்கள். நிறம் சீராகப் பரவியதும் மீதி. இரண்டு தவணையாக ஊற்றுவதற்குக் காரணம் உண்டு: மொத்தமாக ஊற்றினால் சட்டி ஆறிவிடும், முதலில் தொட்ட இழைகளே எல்லாவற்றையும் குடித்துவிடும். சட்டியின் அடியில் ஒரு சொட்டு சாஸ்கூடத் தேங்காமல், இழைகள் உதிரி உதிரியாக, சீரான பழுப்பில் வந்ததும் முளைப்பயறையும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் போட்டு அரை நிமிடம் புரட்டி அணையுங்கள். எள் எண்ணெய் விட்டு ஒரு புரட்டு, உடனே தட்டு. தீ ஏற்றியதிலிருந்து ஐந்து ஆறு நிமிட வேலை.

வீட்டில் முளைகட்டிய பாசிப்பயறைப் போடலாமா?

சுண்டலுக்கு நாம் முளைகட்டும் பயறு அரை அங்குல முளையோடு, பருப்பே பெரிதாக இருக்கும். அதைப் போட்டால் நூடுல்ஸில் பயறு கடிபடும். இதற்குத் தேவை மூன்று அங்குலத்துக்குக் குறையாத, வெள்ளை வெளேரென்ற தண்டு. பயறு அதேதான், வளர்க்கும் விதம்தான் வேறு. ஓட்டையுள்ள பாத்திரத்தில் போட்டு, மேலே கனம் வைத்து, துளியும் வெளிச்சம் படாமல், ஒரு நாளைக்கு நாலைந்து முறை தண்ணீர் ஊற்றி வடித்தால் ஐந்து நாளில் தண்டு வந்துவிடும். மேலே அழுத்தம் இருந்தால் செடி எத்திலீன் வாயுவைக் கூடுதலாக வெளிவிடும், தண்டு மெலிந்து நீளாமல் பருக்கும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும். பொறுமையில்லாதவர்கள் முட்டைக்கோஸை நூலாக நறுக்கிப் போடுங்கள்.

கோழி, மாட்டிறைச்சி சேர்க்க வேண்டும். கடையில் மிருதுவாக இருக்கிறது, வீட்டில் நார் நாராகப் போகிறதே?

200 கிராம் கோழி நெஞ்சுக்கறியைத் தசை இழைக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி தண்ணீரை ஊற்றிக் கறி உறிஞ்சும்வரை கையால் பிசையுங்கள். பிறகு லைட் சோயா ஒரு தேக்கரண்டி, சோளமாவு ஒரு தேக்கரண்டி, கடைசியாக எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்து 20 நிமிடம் வையுங்கள். சோளமாவுப் பூச்சு கறியின் நீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். மாட்டிறைச்சி என்றால் 250 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேருங்கள், அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும். கறியை முதலில் தனியாக வதக்கி முக்கால் பதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் முளைப்பயறோடு திரும்பப் போடுங்கள்.

முட்டை?

தனியாகப் பொரித்துக் கிளறி எடுத்து வைத்துக் கடைசியில் சேருங்கள். நூடுல்ஸ் மேல் உடைத்து ஊற்றினால் இழைகளில் பூசிக்கொண்டு ஈரமாக்கிவிடும்.

அஜினமோட்டோ போடுவது ஆபத்தா?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 1908இல் டோக்கியோவில் இகேதா கிகுனே என்ற வேதியியலாளர் ‘கொம்பு’ என்று ஜப்பானியர்கள் சொல்லும் கடற்பாசியின் சாற்று ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். அதன் சோடிய உப்புதான் அடுத்த ஆண்டு அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அந்த வணிகப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு ஒரு மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று கடிதம் எழுதினார். காரணமாக இருக்கக்கூடும் என்று அவர் சொன்ன பலவற்றில் இதுவும் ஒன்று. அது ஆய்வுக் கட்டுரை கிடையாது, வெறும் கடிதம். ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். சீன உணவகங்கள் மேல் விழுந்த அந்தப் பழி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முழுதாக விலகவில்லை என்பது எனக்கு வருத்தம் தருவது.

பிறகு நடந்த சோதனைகளில், எதில் அஜினமோட்டோ இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்தபோது அந்த அறிகுறிகள் சீராகத் தென்படவில்லை. உணவு எதுவும் இல்லாமல் மூன்று கிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் சிலருக்குத் தலைவலி, முகச்சிவப்பு போன்றவை கொஞ்ச நேரம் வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. பொதுவாகப் பாதுகாப்பானது என்ற பட்டியலில்தான் அதை வைத்திருக்கிறது. தக்காளியிலும் சோயா சாஸிலும் இயற்கையாகவே குளூட்டமேட் உண்டு. நல்ல சோயா சாஸ் ஊற்றும் இந்த நூடுல்ஸுக்குத் தனியாகத் தேவையில்லை. போட விரும்பினால் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் ஆறு பேர். எப்படிச் செய்வது?

மூன்று தடவையாக. மொத்தமாகப் போட்டால் மேலே சொன்ன கணக்கு மூன்று மடங்காகித் திரும்பி வரும். தயாரிப்பு எல்லாவற்றையும் மூன்று பங்காகப் பிரித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நிமிடம்தான். நடுவில் சட்டியை ஒரு வாய் வெந்நீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி காயவையுங்கள். ஒட்டியிருக்கும் சாஸ் அடுத்த தடவையில் கருகிக் கசக்கும்.

நூடுல்ஸ் நீளமாக இருக்கிறதே, வேகவைக்கும் முன் உடைத்துப் போடலாமா?

உடைக்காதீர்கள். குட்டை இழைகள் ஒன்றோடொன்று அடைந்து கட்டியாகும். சீனர்கள் அதற்கு இன்னொரு காரணமும் வைத்திருக்கிறார்கள்: பிறந்தநாளில் சாப்பிடும் நூடுல்ஸின் நீளம் ஆயுளின் நீளம். அதை அறுப்பதில்லை. காண்டனீஸ் விருந்துகளில் அதற்கென்றே பொரித்துக் காயவைத்த ‘யீ மின்’ என்ற முட்டை நூடுல்ஸைச் சமைத்துக் கடைசியில் பரிமாறுவார்கள்.

அரிசி நூடுல்ஸிலும் இதே முறைதானா?

தீயும் சட்டியும் அதே. கையாள்வது வேறு. குவாங்டாங்கின் அகலமான அரிசி நூடுல்ஸுக்கு ‘ஹோ ஃபன்’ என்று பெயர். குவாங்சோவின் ஷாஹே பகுதியில் பிறந்தது. மாட்டிறைச்சி போட்டு அதை வதக்குவது இந்த சோயா நூடுல்ஸைவிடக் கடினம். ஹாங்காங்கில் சமையல்காரரின் கைத்திறனைச் சோதிக்கவே அதைச் செய்யச் சொல்வதுண்டு. புதிதாக வாங்கியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் விறைத்து, சட்டியில் போட்டதும் துண்டு துண்டாகும். காய்ந்த அரிசி நூடுல்ஸ்தான் கிடைக்கிறது என்றால், கொதிநீரில் போடாமல் சாதாரணத் தண்ணீரில் 40 நிமிடம் ஊறவையுங்கள். வளையும் பதம் வந்ததும் வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு சட்டியில்.

சிங்கப்பூர் நூடுல்ஸ் என்று பட்டியலில் பார்க்கிறோமே?

மஞ்சள் நிறத்தில், கறிப்பொடி மணத்தோடு வரும் அந்த மெல்லிய அரிசி நூடுல்ஸ் ஹாங்காங் உணவகங்களில் உருவானது. சிங்கப்பூரில் அதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அங்கும் மலேசியாவிலும் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் போடும் மீ கோரெங் வேறு கதை. சீனர்களின் மஞ்சள் காரநூடுல்ஸை எடுத்து, உருளைக்கிழங்கும் டோஃபுவும் மிளகாய் விழுதும் சேர்த்து, ஈரப்பதம் கொஞ்சம் விட்டே புரட்டுவார்கள். அதற்குத் தனியாக ஒரு பக்கமே எழுதலாம்.

கோதுமை ஒவ்வாதவர்கள், முட்டை சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

முட்டை சேராத மைதா நூடுல்ஸில் இதே முறையில் செய்யலாம், வேறு எதுவும் மாற்ற வேண்டாம். கோதுமை ஒவ்வாதவர்கள் அரிசி நூடுல்ஸுக்கு மாறினால் மட்டும் போதாது. சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது. தமாரி என்ற ஜப்பானிய சோயா சாஸில், கோதுமையில்லாதது என்று எழுதியிருக்கும் வகையைத் தேடி வாங்குங்கள்.

மீந்துபோனால்?

அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெந்த அரிசியிலும் நூடுல்ஸிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரையும் தாங்கித் தங்கியிருக்கும். வெதுவெதுப்பில் அவை பெருகி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான டப்பாவில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் தாங்கும். சூடுபடுத்த மைக்ரோவேவ் வேண்டாம், முளைப்பயறு துவண்டுவிடும். சட்டியை நன்றாகக் காயவைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பரப்பி, அடி மொறுமொறுப்பாகும்வரை தொடாமல் விட்டு, ஒரே ஒரு முறை திருப்பிப் போடுங்கள்.